அட்டைச் சந்தை ஜோசியர்

மனித இனத்தில் அட்டைச் சந்தை ஜோசியர் என்று ஒரு பிரிவு உண்டு. அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குப் புது மிக்ஸி வந்தால் மிக்ஸியை விட்டுவிட்டுப் பெட்டியைத் தடவுவார், மடிப்பைக் கிள்ளி, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "வெளிநாட்டு அட்டை. இறக்குமதி ஏறுது" என்று அறிவித்த பிறகுதான் காபியைத் தொடுவார். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. அதற்காக விட்டுவிடுவாரா?

நம் ஜோசியருக்குச் சொந்தமாக ஒரு அட்டைப்பெட்டிப் பட்டறை. மனைவி பட்டறையைப் பார்த்துக்கொள்ள, இவர் நாட்டின் ஏற்றுமதி இறக்குமதியைப் பார்த்துக்கொள்வார். அவர்களுக்குச் சோறு போடுவது ஒரே ஒரு செருப்புக் கம்பெனி. மாதக் கடைசிக்குள் அதற்குப் பெட்டிகள் போயாக வேண்டும். தவறினால் அடுத்த ஆர்டர் கிடையாது, பட்டறைக்குப் பூட்டுதான். கையிருப்பு அட்டையோ ஒரு மூலைக்குக்கூடப் போதாது.

"இப்பவே அட்டை வாங்கிப் போட்டுடலாங்க," என்றாள் மனைவி.

"கொஞ்சம் பொறு. துறைமுக ரோட்டுல லாரி லாரியா அட்டை ஓடுது. டீக்கடையில உக்காந்து என் கண்ணால பார்த்தேன். இறக்குமதி குவியுது. விலை தலைகுப்புற விழப்போகுது."

பொறுத்தார். தெருவிலிருந்த மற்றப் பட்டறைக்காரர்களையும் பொறுக்கச் சொன்னார். அவர்கள் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, நேரே போய் அட்டை வாங்கினார்கள்.

விலை ஏறியது. "இது தற்காலிகம்" என்றார். இன்னும் ஏறியது. "விழறதுக்கு முன்னாடி அப்படித்தான் ஏறும்" என்றார். பிறகு அட்டையே கிடைக்கவில்லை. செருப்புக் கம்பெனி மேலாளர் வந்தார், காலி பட்டறையைப் பார்த்தார், எதிர்ப் பட்டறைக்கு ஆர்டரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஜோசியரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மனைவி திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த லாரியெல்லாம் துறைமுகத்துலேருந்து வந்துச்சா, துறைமுகத்துக்குப் போச்சா?"

ஜோசியர் கண்ணை மூடி யோசித்தார்.

"போச்சு," என்றார் ஈனசுரத்தில்.

நாட்டு அட்டை மொத்தமும் கப்பலேறப் போனதை முன்வரிசையில் உட்கார்ந்து டீ குடித்தபடி பார்த்த நிபுணர் அவர்!

அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இந்தத் தெருவுல என் பேச்சை நம்பினவன் ஒரே ஒருத்தன்தான். அவன் பட்டறைக்குத்தான் பூட்டு."

"எதிர்ப் பட்டறையில நம்ம ரெண்டு பேருக்கும் வேலை இருக்காம். நீங்க மட்டும் ஜோசியம் சொல்லக் கூடாதாம்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன தடவை பார்சல் வந்தபோது, உள்ளே இருப்பதை எடுக்கும் முன்பே பெட்டியின் மூலையை அழுத்திப் பார்த்து, "ம்ஹும், அட்டை முன்ன மாதிரி இல்ல" என்று சொன்னது யார்? நானும் நேற்றுத்தான் சொன்னேன். நம் இருவருக்கும் பட்டறை இல்லை, பிழைத்தோம்.