இருபது மணித்தியாலச் சதி

எனக்கு யாரிலும் நம்பிக்கை இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, தொழில் வியாதி. நான் லைசென்ஸ் பெற்ற நில அளவையாளன். எல்லைக் கல்லை நகர்த்திவிட்டு, அது தானாக நகர்ந்தது என்று சத்தியம் பண்ணுகிற ஆட்களோடுதான் என் பிழைப்பு.

ஆகவே வெள்ளவத்தை வீட்டுக்கு எங்கள் சங்கத்தின் கடிதம் வந்தபோது, முதலில் கடித உறையைத்தான் சந்தேகித்தேன். லைசென்ஸ் புதுப்பிக்க இனி வருஷத்துக்கு இருபது மணித்தியாலம் வகுப்புக்குப் போகவேண்டுமாம். (நரைத்த தலையோடு!) அடுத்த மாதம் ஒரு காணி வழக்குக்கு நான் வரைபடம் கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும். லைசென்ஸ் இல்லாவிட்டால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

"இது ஆர் போட்ட சட்டம்?" என்று மனைவி சாந்தியிடம் பாய்ந்தேன்.

"என்னைக் கேட்டா? போய் அவையளைக் கேளுங்கோ."

துப்புத் துலக்கினேன். வகுப்பு நடக்கிற மண்டபத்தின் முதலாளி சங்கத் தலைவருக்குச் சொந்தக்காரரா என்று விசாரித்தேன். வகுப்பில் தேநீர் கொடுக்கிறவரையும் விடவில்லை. நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒருவர் அரசாங்கம் போட்டது என்றார், மற்றவர் வெளிநாட்டுக்காரர் என்றார். ஒருவருக்கும் தெரியாததே எனக்குப் போதுமான சாட்சியாக இருந்தது.

ஒரு காலை சங்க அலுவலகத்துக்குப் போய், வரிசையில் நின்ற சக அளவையாளர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, யார் போட்டது என்று எழுத்தில் காட்டச் சொன்னேன். பதிவேடுகளைப் பார்க்கிற லிகிதர் மல்காந்தி மிஸ் வாதாடவில்லை. இது அங்கத்தவர்களே போட்ட விதி என்று சொல்லி, போன வருஷப் பொதுக்கூட்ட அறிக்கைப் புத்தகத்தைத் திறந்தார். முதலில் தீர்மானத்தைப் பிரேரித்தவர் பெயரை வாசித்தார். (அந்த ஆளை எனக்கு முதலே பிடிக்காது. பார்த்தீர்களா என்று வரிசையைத் திரும்பிப் பார்த்தேன்.) அடுத்து ஆமோதித்தவர் பெயரை வாசித்தார். இனிஷியலோடு, என் பெயர்.

எங்கள் கூட்டங்களில் கடைசித் தீர்மானம் வரும்போதுதான், முடிவில் தேநீரோடு தருகிற பொரித்த ரோல்ஸின் வாசமும் வரும். அது என்ன தீர்மானமானாலும் "ஆமோதிக்கிறேன்" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவைப்பது என் வழக்கம். அதைப் பொதுச்சேவை என்றே நினைத்திருந்தேன்.

வரிசையில் நின்ற கொட்டாஞ்சேனை யோகநாதன் மெதுவாகச் சொன்னார்: "ஐசே, அண்டைக்கு ரோல்ஸ் நல்லா இருந்தது, என்ன?"

அன்றே வகுப்புக்குப் பதிந்தேன். இருபது மணித்தியாலமும் முன்வரிசையில் இருந்தேன். லைசென்ஸ் வந்தது, வரைபடமும் வழக்குக்குப் போனது. ரோல்ஸ் கதை மட்டும் அன்றைக்கே எனக்கு முன்னமே வீட்டுக்கு வந்திருந்தது.

சில வருஷம் கழித்து, மகள் தனக்குப் பிடித்த பையனைப் பற்றிக் கதைக்க வந்த நாள், மேசைக்கு முதலில் ஒரு தட்டு ரோல்ஸ் வந்தது. மூன்றாவதைக் கடித்தபடி, பையனின் குடும்பத்தை விசாரிக்கவேண்டும் என்று தொடங்கினேன்.

"பிள்ளை, அப்பா ஆமோதிச்சிட்டார். எழுதிக்கொள்," என்றாள் சாந்தி.

கல்யாணம் நடந்தது. மருமகன் தங்கமானவர்தான். ஆனால் எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் கையில் ஒரு பார்சல் ரோல்ஸோடு வருகிறார். எதற்கு என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.