ராஜாத்தி ஏறிய வண்டியும் என் இடது காலும்

சூடான கியர் எண்ணெய் வாசனையோடு ஈரச் சாண வாசனை கலந்தால் என்ன வரும் தெரியுமா? எனக்கு வெட்கம் வரும். கூலிம் பக்கம் ஏதாவது ஒரு பட்டறையைத் தாண்டிப் போகும்போது, அப்போதுதான் மாடுகள் கடந்துபோன ஈரமும் சாலையில் இருந்துவிட்டால் போதும். என் இடது கணுக்கால் தானாக ஒருமுறை துடித்து அடங்கும். மற்றவர்களுக்கு நினைவு நெஞ்சில் இருக்கிறது. எனக்குக் கணுக்காலில்.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்து வருடங்களுக்கு முன்பு, நாற்பதைத் தாண்டிய ஒரு மனிதன், இயந்திரத்தை மாற்றிவிட்டால் தானும் மாறிவிட்டதாக நம்பினான். அந்த மனிதன் நான்தான்.

ஆடுமாடுகளை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பிழைப்பு. ஒரு பழைய பிக்கப், அதன் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் கம்பியடைத்த டிரெய்லர், அவ்வளவுதான் என் ராஜ்யம். பிக்கப்பின் மூன்றாம் கியர் மேட்டில் ஏறும்போது தானாகக் கழன்றுகொள்ளும். முன்னால் நான் கியரோடு மல்லுக்கட்ட, பின்னால் ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்று சரியும். கோலா கெடாவில் ஒருவர், இறக்கிவிட்ட ஆடு நிற்க முடியாமல் தள்ளாடுவதைப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, ரோட்டுல கொண்டு வந்தீங்களா, கடல்ல கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி பல நாள் என் தூக்கத்தில் அலையடித்தது.

ஆகவே கியர்பாக்ஸை மாற்றத் துணிந்தேன். பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு, தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோ கியர்பாக்ஸ். உதிரிபாகங்களுக்காக ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டப்பட்டு வந்திறங்கிய ஒரு வண்டியிலிருந்து எடுத்தது. பொருத்தியவர் ஆ லெக். தோட்டத்து மளிகைக்கடையில் பிறந்து வளர்ந்த சீனர். அவருடைய தமிழ் என்னுடையதைவிடச் சுத்தம். ஒரு மாதம் வண்டி அவர் பட்டறையில் கிடந்தது. பாரம் இழுக்கும்போது எண்ணெய் கொதிக்காமலிருக்க முன்பக்கம் தனியாக ஒரு குளிர்விப்பான்கூட வைத்துக் கொடுத்தார். (சாலைப் போக்குவரத்து அலுவலகமான ஜேபிஜேயின் காகிதங்கள் எல்லாம் முறையாக முடித்தாயிற்று. கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.)

"அண்ணே, மாடு ஏத்துனா இந்தப் பட்டனை அமுக்கி விட்டுடுங்க. மேல் கியருக்குப் போவாது, எண்ணெயும் சூடாவாது" என்றார் ஆ லெக். "பெட்டி நல்ல பெட்டி. உங்க இடது காலுதான் லா பயமா இருக்கு. கிளட்ச் இல்ல, ஞாபகம் வச்சுக்குங்க. ஒரு வாரம் வெறும் வண்டி ஓட்டிப் பழகுங்க. அப்புறமா மாடு."

"இருபத்திரண்டு வருஷமா ஓட்டுறேன். எனக்கே பாடமா?" என்று சிரித்தேன்.

பட்டறைக்கும் என் வீட்டுக்கும் நடுவே இரண்டே தெரு. இடது கால் விழித்துக்கொள்ளும் முன்பே வீடு வந்துவிட்டது. அதைத் திறமை என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் காலையே பாக்கியம் அக்காவிடமிருந்து போன். என் உடன்பிறந்த அக்கா. பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்தில், அவள் கணவர் இறந்த பிறகும் அதே வரிசை வீட்டில் தனியாக இருந்தாள். தனியாக என்றால் ராஜாத்தியோடு. ராஜாத்தி ஒரு சிவலைப் பசு. ஒன்பது மாதச் சினை. எண்ணெய்க்காக நட்ட செம்பனங்கன்றுகளை மாடுகள் மேய்ந்துவிடுகின்றன, மாத முடிவுக்குள் எல்லா மாடுகளும் தோட்டத்தைவிட்டுப் போயாக வேண்டும் என்று தோட்ட நிர்வாகம் அறிவிப்பு ஒட்டிவிட்டது. அக்காவின் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு பண்டார் பாருவில். அங்கே நிலமும் உண்டு, தொழுவமும் உண்டு. ராஜாத்தியை அங்கே விடுவது என்று முடிவாகியிருந்தது.

"போன தடவ வாய்க்கால்ல வழுக்கி விழுந்து கன்னு கலைஞ்சிருச்சு. இதுவும் போச்சுன்னா இனிமே சினை நிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள் அக்கா. "குலுங்காம கொண்டு போவியாடா?"

"மடியில ஒரு செம்பு தண்ணி வச்சுக்கிட்டு வாக்கா. ஒரு சொட்டு சிந்துச்சுன்னா என்னைக் கேளு."

அடுத்த நாள் விடியலில், வேகமே எடுக்க முடியாத செம்மண் பாதையிலேயே அவள் வீட்டுக்குப் போனேன், இடது கால் அப்போதும் விழிக்கவில்லை. அக்கா நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறவள். டிரெய்லரில் மணல் பரப்பி, சாக்கு விரித்து, ராஜாத்தியை ஏற்றிக் கட்டியபின், விளிம்புவரை நிரம்பிய செம்போடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செம்மண் சாலை முடியும்வரை சொர்க்கம். பனி இன்னும் செம்பனை ஓலைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி ஓடவில்லை, யாரோ உள்ளங்கையில் ஏந்திப் போவதுபோல் இருந்தது. செம்புத் தண்ணீரில் வானம் அசையாமல் கிடந்தது. அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில், பிறந்ததிலிருந்து நான் காணாத மரியாதை இருந்தது.

தார்ச்சாலையில் வேகம் கூடியது. இன்ஜினின் சத்தம் உயர்ந்தது. அந்தச் சத்தத்தை இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுவந்த என் இடது கால், 'மூன்றாம் கியர்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பாய்ந்து கிளட்ச்சை மிதித்தது.

கிளட்ச் இல்லை. ஆட்டோ கியர் வண்டியில் பிரேக் மிதி அகலமானது. கிளட்ச் இருந்த இடம்வரை நீண்டு உட்கார்ந்திருக்கும். கிளட்ச்சை மிதிக்கும் முழு பலத்தோடு நான் மிதித்தது அதைத்தான். வண்டி சுவரில் மோதியதுபோல் நின்றது. டிரெய்லர் பின்னாலிருந்து இடித்தது. செம்புத் தண்ணீர் முழுவதும் முன்கண்ணாடியில். பின்னால் 'தொம்' என்று ஒரு சத்தம்.

"டேய்! யாராச்சும் குறுக்க வந்தாங்களா?"

"இல்லக்கா."

"அப்புறம் ஏன்டா நிப்பாட்டுன?"

"நிப்பாட்டல. கியர் மாத்தப் பார்த்தேன்."

"அதுதான் தானா மாத்திக்கும்னு சொன்னியே!"

"அது மாத்திக்கும்க்கா. நான்தான் இன்னும் மாறல."

இனி நடக்காது என்று சத்தியம் செய்தேன். அடுத்த மேட்டிலேயே நடந்தது. கூலிம் சிக்னலுக்குச் சற்று முன்பு மூன்றாவது முறை. இந்த முறை பின்னாலிருந்து தொம் என்ற சத்தத்தோடு ஒரு குரலும் வந்தது. மாடு கத்துவதை வாழ்நாளெல்லாம் கேட்டிருக்கிறேன். அது கத்தல் இல்லை. யாரையோ கேள்வி கேட்பதுபோல் நீளமாக ஒரு குரல்.

ஓரங்கட்டினேன். அக்கா இறங்கிப் பின்னால் போனாள். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். ராஜாத்தி முன்னங்கால்களை மடக்கி விழுந்து, எழ முயன்றுகொண்டிருந்தாள். அவள் எழுந்து நின்றதும், அக்கா கம்பிகளுக்கு இடையே கையை நுழைத்து, வலது பக்க வயிற்றில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். லாரிகள் போயின, பள்ளிக்கூட பஸ் போனது. அக்கா அசையவில்லை. நான் வெயிலிலும் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். முதுகெலும்புக்குப் பதிலாக எனக்குள் ஒரு நீண்ட வெட்கம் நட்டமாக நின்றது.

பிறகு அவள் தோள் தளர்ந்தது. கன்று உள்ளே அசைந்திருக்கிறது.

அவள் என் பக்கத்துக் கதவைத் திறந்தபோது கையில் ஓர் அணைகயிறு. பால் கறக்கும்போது மாடு உதைக்காமலிருக்கப் பின்னங்கால்களைச் சேர்த்துக் கட்டுவார்களே, அந்தக் கயிறு. ராஜாத்தியின் சாமான்களோடு புது வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"காலைக் காட்டு."

"எதுக்குக்கா?"

"உதைக்கிற மாட்டுக்கு என்னா செய்வோம்?"

"அக்கா, ரோட்டுல எல்லாரும் பார்க்குறாங்க."

"பார்க்கட்டும். ராஜாத்தியை எத்தனை பேரு பார்க்கக் கட்டியிருக்கேன்! அது ஒரு நாளும் வெட்கப்பட்டதில்ல."

என் இடது கணுக்காலில் இரண்டு சுற்று. மறுமுனை இருக்கையின் இரும்புக் காலில். (முடிச்சு எட்டு போட்டதுபோல் இருக்கும். இழுக்க இழுக்க இறுகும். அக்காவின் நாற்பது வருட அனுபவம்.) பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் வலது கால் ஒன்றே போதும் என்று நான் அப்போதுதான் முழு மனதோடு ஒப்புக்கொண்டேன்.

அதன்பின் வண்டி ஓடிய விதத்தை எழுத எனக்கு வார்த்தை போதாது. ஒவ்வொரு முறை இன்ஜின் சத்தம் உயரும்போதும் என் இடது கால் துள்ளும். கயிறு 'இரு' என்று பிடித்து நிறுத்தும். கியர் தானாக, ஒரு பெருமூச்சுபோல் மாறிக்கொள்ளும். பின்னால் ராஜாத்தி அசைபோட ஆரம்பித்திருந்தாள்.

செர்டாங் தாண்டி ஒரு ரோட்பிளாக். மாட்டுக்கான பெர்மிட்டை வாங்கிப் பார்த்த இளம் போலீஸ்காரர் குனிந்து என் காலைப் பார்த்தார். ஏன் காலைக் கட்டியிருக்கிறது என்று மலாயில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"தியா சூக்கா தெண்டாங், துவான்."

இவன் உதைக்கிற பழக்கம் உள்ளவன், ஐயா.

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். பின்னால் போய் ராஜாத்தியைப் பார்த்தார். திரும்பி வந்து, முகத்தில் ஒரு கோடு மாறாமல், "யாங் மானா லெம்பு?" என்றார். இதில் மாடு எது? பிறகு ராஜாத்தியின் வயிற்றைக் காட்டி, மெதுவாகப் போங்கள் என்று அவரே தடுப்பை நகர்த்திவிட்டார்.

பண்டார் பாருவில் சம்பந்தி வீட்டு வாசலில் பெரிய கூட்டம். ராஜாத்தியை மருமகளைப்போல் வரவேற்க ஆரத்தித் தட்டோடு சம்பந்தியம்மா நின்றார். நான் அந்த வீட்டு மருமகளுக்குத் தாய்மாமன். கல்யாணத்தில் மாலை போட்டு, முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்ட மனிதன். அந்த மிடுக்கோடு கதவைத் திறந்து, "வணக்கம் சம்பந்தி" என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

வலது கால் இறங்கியது. உடம்பு இறங்கியது. இடது கால் வரவில்லை.

தலை கீழே, கால் மேலே. இருக்கையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தேன். காலையில் பெய்த மழையின் சேறு காதுவரை. ஆரத்தித் தட்டு அந்தரத்தில் நின்றுவிட்டது. "தாய்மாமாவை யாரு கட்டிப் போட்டது?" என்று ஒரு குழந்தை கேட்டது. முடிச்சு அவிழவில்லை, சம்பந்தி அரிவாள் எடுக்க ஓடினார். அவர் வரும்வரை உலகம் எனக்குத் தலைகீழாகவே இருந்தது. அப்படித்தான் பார்த்தேன்: ராஜாத்தி டிரெய்லரின் சாய்வுப் பலகையில் நிதானமாக, ஒவ்வொரு குளம்பாக வைத்து, வயிறு குலுங்காமல் இறங்கி வந்தாள். நான் செய்த பயணங்களிலேயே நல்லபடியாக முடிந்தது அதுதான் என்று சேற்றில் கிடந்தபடி நினைத்தேன்.

ராஜாத்தியின் முன்னங்கால் முட்டிகள் இரண்டும் சிராய்த்து, வீங்கியிருந்தன. அக்கா மஞ்சள் அரைத்துப் போட்டாள். பெண் கொடுத்த வீட்டில் அதுவரை கை நனைக்காதவள், ஒரு ராத்திரிகூடத் தங்காதவள், கன்று போடும்வரை இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவளை அப்படிச் சொல்லவைத்தது என் கால். சம்பந்தியம்மா பாயை எடுத்துத் தொழுவத்துக்கு அடுத்த அறையில் விரித்தார்.

ஒன்பதாம் நாள் கிடாரிக் கன்று. பிள்ளைகள் அதற்கு 'ஆட்டோ' என்று பெயர் வைத்தார்கள். அதன்பிறகும் அக்கா அந்த அறையைவிட்டு வரவேயில்லை. தோட்டத்து வீட்டின் சாவியை நான்தான் போய் நிர்வாகத்திடம் ஒப்படைத்தேன். இன்றும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்கு நான் போய் இறங்கினாலும், முதலில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்க்கிறார்கள். "அவுத்துட்டுத்தான் வந்தியா மாமா?"

ராஜாத்தியை இறக்கிவிட்ட அன்று மதியம் டிரெய்லரைக் கழுவிவிட்டுப் புறப்பட்டேன். அக்கா வண்டிக் கதவருகே வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை, காலியாக இருந்த டிரெய்லரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கதவை அவளே சாத்திவிட்டுச் சொன்னாள்:

"பின்னால யாரும் இல்லைன்னு வேகமாப் போவாதடா, தம்பி."