எலும்புக்கூட்டுக்கு விழுந்த கல்யாண மாலை

ஹாலோவீன் என்றால் என்ன என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. தெரியாமலேயே அதற்கு ஒரு பெட்டி செய்து, அந்தப் பெட்டியால் சொந்த அக்காவின் கல்யாணத்துக்கே வேட்டு வைக்கப் பார்த்தவன் செங்கல்பட்டு மாவட்டத்தில் நான் ஒருவன்தான். (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து அழலாம்.)

அப்போது நான் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்து முடித்துவிட்டு, ஈசிஆரில் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த ஒரு ரிசார்ட்டில் பயிற்சி ஊழியனாகச் சேர்ந்திருந்தேன். பயிற்சி என்றால், மற்றவர்கள் யாரும் தொட விரும்பாத வேலையெல்லாம் என் தலையில் வந்து விழும் என்று அர்த்தம். அக்டோபரில் ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"தம்பி, ஹாலோவீன் வருது. ரிசப்ஷன்ல வைக்க ஒரு ஷேடோ பாக்ஸ் பண்ணிடு. மிக்ஸ்டு மீடியால. பாத்தா கெஸ்ட்டுக்கு அல்லு விடணும்."

அந்தப் பேச்சில் எனக்குத் தெளிவாகப் புரிந்தது 'தம்பி' மட்டும்தான். ஆனாலும் "ஓகே சார்" என்றேன். தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடும் என்று நம்பிய காலம் அது.

ஷேடோ என்றால் நிழல், பாக்ஸ் என்றால் பெட்டி. ஒரு அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே டார்ச் வைத்து, என் இரண்டு கைகளையும் கோத்துச் சுவரில் நிழல் காட்டினேன். மேனேஜர் சுவரைப் பார்த்தார்.

"என்னப்பா இது?"

"நாய் சார்."

அதற்குப் பிறகுதான் போனில் ஒரு படம் காட்டினார். கண்ணாடி போட்ட ஆழமான மரப் பெட்டி. உள்ளே அடுக்கடுக்காக மொட்டை மரம், பாழடைந்த வீடு, கல்லறை, மண்டை ஓடு. காகிதம், துணி, பஞ்சு, கம்பி என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் சேர்த்து ஒட்டுவதுதான் மிக்ஸ்டு மீடியாவாம். (நான் அதுவரை பத்திரிகைக்காரர்களையும் டிவிக்காரர்களையும் கூப்பிட வேண்டியிருக்குமோ என்று கவலையில் இருந்தேன்.)

"அதாவது சார், பேய்க்குக் கொலு வைக்கிறோம்?"

மேனேஜர் யோசித்தார். "அப்படியே வெச்சுக்கோ. கீழ ஒரு பூசணிக்காய்க்குக் கண்ணு, மூக்கு, பல்லு எல்லாம் வரைஞ்சு வை."

இங்கேதான் எனக்கு லேசாக வெளிச்சம் வந்தது. புது வீடு கட்டுகிற இடத்தில் எல்லாம் நாம் கட்டித் தொங்கவிடுவதுதானே இது! "திருஷ்டிக்கா சார்? பேயை விரட்டவா, கூப்பிடவா?" என்று கேட்டேன். அவர் போனை எடுத்து ஏதோ படித்தார், நெற்றியைச் சுருக்கினார், மறுபடியும் படித்தார். "ரெண்டுக்கும்தான் போல இருக்கு. நீ போய் வேலையப் பாரு" என்றார். குழப்பத்தில் நான் தனியாக இல்லை என்பது ஆறுதலாக இருந்தது.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருக் காயலான் கடையில் ஒரு பழைய பெண்டுல கடிகாரத்தின் கூடு கிடைத்தது. கடிகாரம் இல்லை, கண்ணாடிக் கதவு மட்டும் இருந்தது. மாடி அறையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். உள்பக்கம் கறுப்பு சார்ட் ஒட்டினேன். பஞ்சைப் பிரித்துச் சிலந்தி வலை, தேங்காய் நாரில் மொட்டை மரம், தெர்மாகோலில் கல்லறை. கல்லறை மேல் என்ன எழுதுவது என்று தெரியாததால் 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதினேன். ஸ்டேஷனரிக் கடையில் பள்ளிப் பிள்ளைகளுக்காக விற்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை வாங்கி வந்து நடுவில் நிறுத்தினேன்.

எல்லாம் சரிதான், ஆனால் பயம் வரவில்லை. எலும்புக்கூடு புதுசாக, வெள்ளை வெளேரென்று, டூத் பேஸ்ட் விளம்பரத்துக்கு வந்ததுபோல நின்றது. பழசாக, காய்ந்துபோனதாக ஏதாவது வேண்டும் என்று வீட்டைத் துழாவினேன். பரணுக்கு அருகே ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. உள்ளே காய்ந்து, கறுத்து, சருகாகிப்போன ஒரு மாலை, நுனியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சோடு. அடடா, இதுதான்! ஆயுதபூஜைக்கு அப்பாவின் ஸ்கூட்டருக்குப் போட்டதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காலி ஊறுகாய் பாட்டிலைக்கூடத் தூக்கிப் போடாத அம்மா, மாலையைப் பையில் போட்டு வைத்திருப்பதில் எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

மாலையை இரண்டாக மடித்து எலும்புக்கூட்டின் கழுத்தில் போட்டேன். கையிலும் ஒரு சுற்று சுற்றினேன். ஜென்மத்துக்கும் பிரியாதபடி க்ளூ கன் வைத்து ஒட்டினேன். அன்று இரவு பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் படுத்தேன். மறுநாள் ரிசார்ட்டில் மேனேஜர் என் முதுகில் தட்டி, "இதுதாம்ப்பா கிரியேட்டிவிட்டி" என்றார்.

அந்த மாலை எது என்பதை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். திருவிடந்தைப் பெருமாள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் அங்கே மாலை சாற்றி, பெருமாளிடமிருந்து திரும்பி வருகிற மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றி வர வேண்டும். பிறகு அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் ஜோடியாகப் போய், அந்தப் பழைய மாலையைக் கோயிலில் சேர்த்துவிட்டு வர வேண்டும்.

அது சுமதி அக்காவின் மாலை. நான் ஹாஸ்டலில் இருந்தபோது அம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறாள். அக்காவுக்கு முப்பது தாண்டிவிட்டது. கூட்டுறவு வங்கியில் நல்ல வேலை, நல்ல சம்பளம், ஆனால் எந்த வரனும் கூடிவரவில்லை. வேண்டுதலுக்குப் போன விஷயம் வெளியே தெரிந்தால் பெண்ணிடம் ஏதோ குறை என்று பேசுவார்கள் என்று பயந்து, அம்மா என்னிடம்கூட மூச்சு விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மதுராந்தகத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை முரளி, அரசு அலுவலகத்தில் வேலை. அவருக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும். அக்கா போட்டோவைப் பார்த்துவிட்டு அதைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். (இது எங்கள் வீட்டு வரலாற்றில் முதல் முறை.) அம்மா அவர்களிடம் போனில், "இப்பதாங்க பாக்கவே ஆரம்பிச்சிருக்கோம், இதான் மொத எடம்" என்று அடித்துவிட்டாள். அந்தப் பக்கமும், "நாங்களும் இப்பதாங்க" என்றார்கள்.

"வூட்ல வேணாங்க, கோயில்ல பாத்துக்கலாம். அப்டியே எங்கனாச்சும் ஒக்காந்து டிபன் சாப்பிடலாம்" என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னார். கோயில், திருவிடந்தை. டிபன், என் ரிசார்ட்டில். ஊழியருக்குத் தள்ளுபடி உண்டு என்று பெருமையாக யோசனை சொன்னவன் நான்தான். நாள், ஹாலோவீனுக்கு முந்தின சனிக்கிழமை. எங்கள் பக்கம் அப்பா, அம்மா, அக்கா, நான்; அந்தப் பக்கம் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும்.

கோயில் வாசலில் பூக்காரம்மா அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இன்னாம்மா, மாலைய எடுத்தாந்துட்டியா?" என்று குரல் கொடுத்தாள். அம்மா காது கேட்காதவள்போல நடையை எட்டிப் போட்டாள். வேடிக்கை என்னவென்றால், மாப்பிள்ளையின் அம்மாவும் அதே வேகத்தில் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போனார். வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்தேன். நான் அப்படித்தான், எதையும் தப்பாகவே நினைப்பேன்.

உள்ளே எல்லாம் நல்லபடியாக நடந்தது. அக்காவும் முரளியும் பிராகாரத்தில் பேசிக்கொண்டே நடந்தார்கள். அக்கா சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். அதைப் பார்த்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அங்கிருந்து நேராக ரிசார்ட். ரிசப்ஷன் முழுக்க ஊதா விளக்கு. நடுவில் மேஜை மேல் என் பெட்டி. பக்கத்தில் பல்லை இளித்துக்கொண்டு ஒரு பூசணிக்காய். பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்த போனிலிருந்து, 'ஹி ஹி ஹி' என்று பேய்ச் சிரிப்பு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா தம்பி இது? யாருனா தவறிட்டாங்களா?"

"இல்லம்மா, இது வெளிநாட்டுப் பண்டிகை. நம்ம மகாளய அமாவாசை மாதிரி... ஆனா மிட்டாய் குடுப்பாங்க. நான்தான் செஞ்சேன்!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"செத்தவங்களுக்கு மிட்டாயா?"

"இல்ல, கொழந்தைங்களுக்கு."

"அப்ப பூசணிக்கா யாருக்கு?"

நான் பூசணிக்காயைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அக்கா குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இறங்கியது. மாலையின் நுனியில் அம்மா முடிந்து வைத்த மஞ்சள் துணி எலும்புக்கூட்டின் இடுப்புக்கு அருகே எட்டிப் பார்த்தது. அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெட்டியைப் பார்த்தாள்.

"ஐயோ பெருமாளே!"

அம்மா கண்ணாடிக் கதவைத் திறந்து மாலையைப் பிடித்து இழுத்தாள். மாலை வரவில்லை. இன்னும் வேகமாக இழுத்தாள். எலும்புக்கூடு, கல்லறை, மொட்டை மரம் எல்லாம் சேர்ந்து வெளியே வந்தன. கண்ணீர் அஞ்சலி உருண்டு போய் மாப்பிள்ளையின் காலடியில் விழுந்தது. அம்மா எலும்புக்கூட்டைக் கைக்குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். 'ஹி ஹி ஹி' என்றது போன்.

"இன்னாங்க ஆச்சு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இது எங்க சுமதி மாலைங்க" என்று சொல்லிவிட்டு அம்மா ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. "அப்பா ஸ்கூட்டர் மாலைதானேம்மா?" என்று கேட்டேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் விளங்கத் தொடங்கியது. அக்காவை இத்தனை சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை, அதையும் நானே கெடுத்துவிட்டேனே!

அக்காதான் பேசினாள். "ஆமாங்க. ரொம்ப வருஷமா மாப்ள பாத்துகினு கீறாங்க. மொத எடம்னு அம்மா சொன்னது பொய்யி. வேண்டிகினு இந்த மாலைய வாங்கியாந்தோம். இஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன்."

மாப்பிள்ளையின் அம்மா எலும்புக்கூட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், உண்மைய சொல்லணும். இந்த எலும்புக்கூடு ஆம்பளையா, பொம்பளையா?"

"பி... பிளாஸ்டிக்மா."

"அத்த கேக்கல. ஆம்பளையா இருந்தா, பொண்ணு மாலை அது கழுத்துல ஏறிக்கீது. அப்ப அதுங்கூட கல்யாணம் ஆன கணக்கா?"

நான் எலும்புக்கூட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஆராய்ந்து சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. அதுவரை வாயே திறக்காத அப்பா தொண்டையைக் கனைத்தார். "சைனா பொம்மைங்க. அதுக்கு ஜாதகமெல்லாம் பாக்க முடியாது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாப்பிள்ளை! அடக்கப் பார்த்து முடியாமல், "யம்மா, போதும். சொல்லிடும்மா" என்றார்.

"இன்னாத்தடா சொல்றது?"

"நம்ம வூட்டு பீரோ மேல கீதே, அதான்."

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டார். குரல் பாதியாக இறங்கிவிட்டது. "எங்க வூட்லயும் ஒரு மாலை கீதுங்க. இவனுக்கும் பாத்துப் பாத்து சலிச்சிப்போயி, இதே கோயில்லதான் வாங்கினோம். அந்தப் பூக்காரம்மா எங்க காட்டிக் குடுத்துடுவாளோன்னுதான் அவ்ளோ வேகமா உள்ள ஓடினேன்."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "நீங்களுமா அண்ணி?"

"நாங்களுந்தான் அண்ணி."

அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். நடுவில் எலும்புக்கூடு நசுங்கிக்கொண்டிருந்தது. அங்கே தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி இதையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து வீடியோ எடுத்துக் கைதட்டினார்கள். மேனேஜர் வந்து பார்த்தார், ஒன்றும் புரியாமல் அவரும் கைதட்டிவிட்டுப் போனார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மறுவாரமே அக்காவும் மாமாவும் இரண்டு மாலைகளோடு திருவிடந்தைக்குப் போனார்கள். அக்காவின் மாலையில் மூன்று பிளாஸ்டிக் விரல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. வெந்நீர், கத்தி, தேங்காய் எண்ணெய் எதற்கும் அவை மசியவில்லை. அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தார்கள். பெருமாள் அதைப் பற்றி இதுவரை எதுவும் கேட்கவில்லை.

இப்போது எனக்கு முப்பது தாண்டிவிட்டது. வரன் ஒன்றும் கூடிவரவில்லை. போன மாதம் அம்மா என்னையும் திருவிடந்தைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாலையோடு சுற்றி முடித்து வெளியே வந்ததும், என் கழுத்திலிருந்து அதைக் கழற்றிக் கூட வந்திருந்த அக்காவிடம் கொடுத்து, "இத்த இவன் கண்ணுல காட்டாத" என்றாள். மதுராந்தகத்தில் அக்கா வீட்டு பீரோவில் அது பூட்டிக் கிடக்கிறது. அதே வீட்டு ஷோகேஸில் விரல் போன அந்த எலும்புக்கூடும் நிற்கிறது. அக்காதான் அதைத் தூக்கிப் போடக் கூடாது என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

எனக்கு எப்போதுதான் கல்யாணம் ஆகும் என்று அம்மா அங்கே போய்ப் புலம்பினால், மாமா ஷோகேஸைக் காட்டுகிறார்.

"அவசரப்பட்டா எப்டி அத்தே? மச்சானுக்கு முன்னாடி மாலை போட்டுகினது அவருதானே. மொதல்ல அவருக்கு ஒரு எடம் பாருங்க."