மொட்டைமாடியில் யாரும் இறங்கவில்லை

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. உங்கள் நலத்தையும் என் மகளின் நலத்தையும் அறிய ஆவல். இங்கே உங்கள் அத்தை நலம். நான் நலமா இல்லையா என்பதை உங்கள் சேனலைப் பார்க்கிறவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். "சாரோட கண்ணு முன்ன மாதிரி இல்ல, அவங்க ஏதோ பண்ணிட்டாங்க" என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். கண்புரைக்கு அறுவை செய்துகொண்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். பண்ணியது கண் டாக்டர்.

சென்ற முறை நீங்கள் வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "மாமா, வேற கிரகத்துல ஆளுங்க இருக்காங்களா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வருகிறவனாக இருந்தால் நான் போலீஸ் வேலைக்கல்லவா போயிருப்பேன்? இருந்தாலும் மாப்பிள்ளை கேட்கிறாரே என்று "தெரியாது" என்றேன். அது ஒரே வார்த்தைதான். உங்களுக்குப் போதவில்லை. "இதையே கொஞ்சம் விளக்கமா, கேமரா முன்னாடி சொல்லுங்க மாமா" என்றீர்கள். மருமகன் ஒரு பாடம் கேட்கிறார் என்று எனக்குச் சந்தோஷம். இருக்கிற சட்டையில் நல்லதாக ஒன்றை எடுத்து, உங்கள் அத்தையிடம் இஸ்திரி போடச் சொல்லி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அறுக்கப் போகிறவனுக்கே கழுத்தைத் துடைத்துக் கொடுத்ததுபோல் ஆயிற்று.

நான் பாடம் நடத்தும் விதம் உங்களுக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது, ஏனென்றால் உங்கள் மனைவியே என் வகுப்பில் உட்கார்ந்து படித்தவள். எந்தப் பாடத்தையும் நான் ஒரு பொய்க்கதையோடுதான் தொடங்குவேன். நானே பார்த்ததாக, நானே செய்ததாக, முகம் மாறாமல் சொல்வேன். உள்ளே இரண்டு மூன்று ஓட்டை வைத்திருப்பேன். பிள்ளைகள் எழுந்து "சார், அது எப்படி சார் நடக்கும்?" என்று ஓட்டையைக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் பாடம். கொதிக்கிற தண்ணீரின் அடியில் பனிக்கட்டி ஒன்று உருகாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன் என்று சொல்லி அடர்த்தியை நடத்தியிருக்கிறேன். வழவழவென்று எண்ணெய் பூசிய சாலையில் சைக்கிளில் மேட்டுக்கு ஏறினேன் என்று சொல்லி உராய்வை நடத்தியிருக்கிறேன். பணியில் இருந்த காலம் முழுக்க இப்படிப் பொய் சொல்லியே பிள்ளைகளுக்கு உண்மையைக் கேட்கப் பழக்கினேன். ஒருவரும் என்னைப் பொய்யன் என்றதில்லை, ஏனென்றால் மணி அடிக்கும்வரை எல்லோரும் வகுப்பில் இருந்தார்கள்.

அதே மாதிரிதான் உங்கள் கேமராவுக்கும் சொன்னேன். "போன வாரம் சாயங்காலம் மாடிக்குப் போறேன். பஸ் அளவுக்கு ஒரு கலம் அப்படியே இறங்குது. துளி சத்தம் இல்ல. கொடியில காயற துணி ஒண்ணுகூட ஆடல. உள்ளேருந்து ரெண்டு பேர் வந்து, 'ஐயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?'ன்னு கேட்டாங்க. குடுத்தேன். குடிச்சுட்டுப் போயிட்டாங்க." இது கதை. பிறகு, வகுப்பில் செய்வதுபோல், புருவத்தை உயர்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகுதான் கேட்டேன்: "இப்ப சொல்லுங்க மாப்பிள்ளை, நான் சொன்னதுல எங்கெங்க தப்பு?" கட்டில் போட்டாலே நடக்க இடமில்லாத மாடியில் பஸ் எப்படி இறங்கும், அவ்வளவு பெரிய பொருள் காற்றைத் தள்ளாமல் எப்படி வரும், வேற்றுக் கிரகத்து ஆட்களுக்கு நம் பேச்சு எப்படி வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, இதற்கு ஒரே சாட்சி நான்தான் என்றால் என்னை ஏன் நம்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். அதே சமயம், இந்தக் கதை பொய் என்பதால் வானத்தில் வேறு யாருமே இல்லை என்று முடிவு கட்டுவதும் தப்பு என்றேன். திறந்த மனது என்றால் என்ன என்பதற்கு ஓர் உதாரணமும் சொன்னேன். கடை திறந்திருக்கிறது என்றால் உள்ளே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், வருகிறதை எடைபோட்டுப் பார்க்க வேண்டும்; ஆளே இல்லாமல் கதவு மட்டும் திறந்து கிடந்தால் அதைக் கடை என்று சொல்ல மாட்டோம், திருட்டுப் போன இடம் என்போம். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தோன்றியது. நீங்களும் தலையாட்டினீர்கள்.

வீடியோவில் "குடிச்சுட்டுப் போயிட்டாங்க" வரைக்கும் இருக்கிறது. அதற்குப் பிறகு என் மௌனம் இருக்கிறது. பிள்ளைகளின் பதிலுக்காகக் காத்திருக்கிற மௌனம் மாப்பிள்ளை அது, அதற்கு நீங்கள் வயலின் வைத்தீர்கள். மின்விசிறி சத்தம் போடுகிறது என்று நீங்களே நிறுத்திவிட்டதால் எனக்கு வியர்த்தது. "பாருங்க, சொல்லும்போதே நடுங்குறாரு" என்று அதற்கும் ஓர் ஆள் எழுதியிருக்கிறார். தலைப்பு, 'மௌனம் கலைத்த இயற்பியல் ஆசிரியர்'. நான் எந்தக் காலத்தில் மௌனமாக இருந்தேன்? உங்கள் அத்தையிடம் கேட்டுப் பாருங்கள்.

அன்றிலிருந்து இந்த வீடு வீடாக இல்லை. காந்த ஊசியோடு ஒருவர் வந்து மாடியில் நாலு மூலையிலும் குந்தி உட்கார்ந்து பார்த்தார். இரண்டு பேர் தண்ணீர்த் தொட்டியின் சுண்ணாம்பைச் சுரண்டி ஒரு உறையில் போட்டுக்கொண்டு போனார்கள், சோதனைக்காம். கதையில் நான் வைத்த ஓட்டைகளைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். அவர்கள் ஒவ்வொன்றாக அடைத்துக் கொடுத்தார்கள். மாடி சின்னது என்றால் கலம் சுருங்கும். துணி ஆடவில்லை என்றால் நேரம் நின்றுபோயிருக்கும். நம் பேச்சு எப்படி வந்தது என்றால், "அவங்க பேசவே இல்ல சார், உங்க மூளைக்குள்ள நேரா கேட்டிருக்கும்." என் வகுப்பில் கடைசி வரிசையில் தூங்கியவன்கூட இவ்வளவு சிரமப்பட்டு முட்டாளாக முயன்றதில்லை. கைப்பையோடு ஓர் அம்மா வந்தார். அவரை ஏற்கெனவே கலத்தில் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்களாம். "உங்கள எந்தப் பக்கமா ஏத்தினாங்க?" என்று, ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் விசாரிப்பதுபோல் கேட்டார். என்னை யாரும் எங்கேயும் ஏற்றவில்லை அம்மா என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மறக்க வெச்சுட்டாங்கண்ணா. எனக்கும் முதல்ல அப்படித்தான்" என்று கண்கலங்கினார். இல்லை என்றால் மறதி, ஆமாம் என்றால் சாட்சி, வாயை மூடிக்கொண்டால் அரசாங்க மிரட்டல். நான் என்னதான் செய்ய?

உங்கள் அத்தை செய்த உபகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். "யார் வந்தாலும் ஒரு வாய் தண்ணி குடுக்க என்னைத்தான் கூப்பிடுவீங்க. அவங்களுக்கு மட்டும் நீங்களே மொண்டு குடுத்தீங்களாக்கும்?" என்று முதல் நாளே என்னை நன்றாகக் கேட்டுவிட்டாள். அதோடு நிற்கவில்லை. வந்தவர்களின் தொல்லை தாங்காமல் ஒரு நாள், "அவங்க குடிச்ச டம்ளர் அதோ கவுத்து வெச்சிருக்கு, பாத்துட்டுக் கிளம்புங்க" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் போனார்கள். இப்போது அந்த டம்ளரின் படம் எல்லோர் போனிலும் இருக்கிறது, டம்ளர்தான் வீட்டில் இல்லை. என் சொந்த வீட்டில் நான் கையால் ஏந்தித் தண்ணீர் குடிக்கிறேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத இரண்டு விஷயம் உண்டு.

என்னோடு தினம் காலையில் நடக்க வருகிற கணக்கு வாத்தியாரைப் பார்த்திருப்பீர்கள். வேலை பார்த்த காலத்திலிருந்து நான் சொன்ன எதையும் அவர் முதல் தடவையில் ஒப்புக்கொண்டதில்லை. மழை வரும் என்றால் கையை நீட்டிப் பார்ப்பார். அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்ததால்தான் நானும் யோசித்துப் பேசினேன். வீடியோ வந்த பிறகு ஒரு வாரம் பேசாமல் நடந்தார். பிறகு பூங்கா வாசலில் நின்றார். "நீ சொன்னது பொய்னு எனக்குத் தெரியும்யா. வகுப்புல சொல்ற மாதிரி சொல்லியிருப்ப. ஆனா ஊருக்குத் தெரியாதே. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நான் பக்கத்துல நிக்கறேன்." சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. இப்போது அவர் வேறு தெரு வழியாக நடக்கிறார்.

ஏன் சொல்லவில்லை என்றால், அன்று மாலை உங்கள் மனைவி போன் செய்தாள். "அப்பா, நீங்க பொய் சொல்ல வேணாம். சும்மா இருந்தா போதும். இத்தனை வருஷத்துல இப்பத்தான் அவர் வீட்டுல சிரிச்சுப் பேசுறார்ப்பா. வெளிய போனா நாலு பேர் வந்து கை குடுக்கறாங்க. நீங்க இல்லைன்னு சொல்லிட்டா அவர் உடைஞ்சு போயிடுவார்." போனை வைப்பதற்கு முன், "கொஞ்சம் திறந்த மனசோட இருங்கப்பா" என்றாள். என்னிடம்! சின்ன வயதில் முதல் பெஞ்சிலிருந்து எழுந்து "சார், அது நடக்காது சார்" என்று சொன்ன அதே வாய்.

இரண்டாவது, நேற்று நடந்தது. நான் வேலை பார்த்த பள்ளியில் இப்போது அறிவியல் எடுக்கிறவள் என் பழைய மாணவி. கெட்டிக்காரி, என் கதை முடிவதற்கு முன்பே கை தூக்கிவிடுவாள். "சார், ஒரு நாள் வந்து பிள்ளைங்க கிட்ட உங்க அனுபவத்தைச் சொல்லணும்" என்றாள். எந்த அனுபவம் என்றேன். "மாடியில நடந்தது, சார்." "நீயுமா நம்பிட்டம்மா?" என்றேன். "வேற யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன். நீங்க சொன்னா எப்படி சார் நம்பாம இருக்கறது?" என்றாள்.

அதைக் கேட்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன். மாப்பிள்ளை, எனக்கு வீடு இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது, உங்கள் புண்ணியத்தில் தெருவில் 'மாடி சார்' என்று பட்டப்பெயரும் இருக்கிறது. ஆனால் நான் சம்பாதித்தது என்று எதைச் சொல்வேன் என்றால், இந்த ஆள் பார்த்ததைப் பார்த்தேன் என்பான், பார்க்காததைப் பார்க்கவில்லை என்பான் என்ற ஒரு பெயரைத்தான். அதை எடுத்து நீங்கள் வயலினுக்குக் கீழே வைத்துவிட்டீர்கள். முழுப் பதிவையும் போடுங்கள் என்று முன்பே கேட்டேன். "முழுசாப் போட்டா யாரு மாமா பாப்பாங்க?" என்றீர்கள். ஒருவரும் பார்க்க வேண்டாம். அது அங்கே இருக்கட்டும், அவ்வளவுதான். அதை வெட்டாமல் கொள்ளாமல் போடும்வரை நீங்கள் இந்த வீட்டுப் பக்கம் வர வேண்டாம். மகள் வரலாம், கேமரா இல்லாமல். இன்னொன்றையும் என் பெயரில் சேர்த்துப் போடுங்கள்: விளக்கம் சொல்ல முடியாத எதையும் நான் என் வாழ்நாளில் வானத்தில் பார்த்ததில்லை. ஒரு நாளும், ஒரு பொட்டுக்கூட.

கோபத்தில் எழுதினாலும் ஆசீர்வாதத்தில் குறை வைக்கவில்லை. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் மறைக்க எதுவும் இல்லாமல், நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் அத்தையும் ஆசி சொல்லச் சொன்னாள். வேறு டம்ளர் வாங்கி அனுப்பவும் சொன்னாள்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் மாமா

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போட்டு, தபால் பெட்டி வரைக்கும் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து, பிரித்து இதை எழுதுகிறேன். தபால் பெட்டிக்கு எதிரே பாதி கட்டி விட்டுவிட்ட ஒரு கட்டடம் இருக்கிறது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கட்டடத்துக்கு மேலே ஒரு வெளிச்சம் நின்றது. நட்சத்திரமோ கிரகமோ இல்லை, மேகம் அதற்குப் பின்னால் போனது. விமானம் இல்லை, அது நகரவில்லை. பட்டமோ பலூனோ இல்லை, நல்ல காற்று, அது அசையவில்லை. கேமரா கட்டிப் பறக்கவிடுகிற ட்ரோனும் இல்லை, துளி இரைச்சல் கேட்கவில்லை, அந்தக் காற்றில் அது அத்தனை நேரம் ஆடாமல் நிற்காது. புதுக் கண் செய்கிற கோளாறோ என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், மறு கண்ணை மூடிப் பார்த்தேன், தலையைச் சாய்த்துப் பார்த்தேன். அது அங்கேயே இருந்தது. பிறகு பக்கவாட்டில் மெதுவாக, யாரோ இழுத்து வைப்பதுபோல், கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஒருவரின் தோளைத் தொட்டு, "தம்பி, அங்க பாருங்க, உங்களுக்கு என்ன தெரியுது?" என்றேன். அவர் அங்கே பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சார்! மாடி சார்தானே நீங்க? ஒரே ஒரு போட்டோ சார்!" என்று, வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் தோளில் கை போட்டுப் படம் எடுத்தார். எடுத்து முடித்துத் திரும்பினால் அது இல்லை. படத்தைக் காட்டச் சொன்னேன். அது இருந்த இடத்தில் அவர் தலை இருக்கிறது.

அது என்ன என்று எனக்குத் தெரியாது. யாரிடம் சொல்வேன்? சொன்னால் சந்தேகப்பட வேண்டிய மனிதர் தெரு மாறிப் போய்விட்டார். மற்றவர்கள் எல்லோரும் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே நம்பிவிடுவார்கள். அதனால், வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். சீக்கிரம் வாருங்கள், பக்கத்தில் நின்று சந்தேகப்பட எனக்கு ஓர் ஆள் வேண்டும். வரும்வரை தினமும் இதை மட்டும் செய்து பழகுங்கள்: சாயங்காலம் போனை வீட்டில் வைத்துவிட்டு வெளியே நின்று வானத்தைப் பாருங்கள், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் என் மகளிடம் சொல்லுங்கள், அது என்ன என்று சொல்லாதீர்கள்.