வெண்பனி விழ நான் ஊரைவிட்டுப் போக வேண்டுமாம்

சாந்தா ஜெனோவேவா மலையூரிலிருந்து
ஜூலை மாதக் குளிர்காலம், வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்

என் மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய அக்கா இவோனெத்தி அவர்களுக்கு,

தம்பி லாவுதெலினோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நானும் என் வீட்டுக்காரி செனாய்தியும் நலம். பசுக்கள் இரண்டும் நலம். கொல்லைக் குழாய் மட்டும் நலமில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து உறைந்துபோய்க் கிடக்கிறது. அங்கே லகுனாவில் உன் முழங்கால், ஓஸ்னி அத்தானின் இருமல், உங்கள் கடல் எல்லாம் எப்படி என்று விவரமாக விசாரித்ததாக எடுத்துக்கொள், ஏனென்றால் எனக்கு இப்போது விசாரிக்கப் பொறுமை இல்லை.

நாளை வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் உன் வீட்டு வாசலில் வந்து நிற்பேன், கட்டிலைத் தட்டிப் போடுங்கள் என்று எங்கள் நகரத்தலைவர் வல்மோர் உனக்கு ஃபோன் செய்திருப்பார். நம்பாதே. நான் வரவில்லை. எனக்காக மீன் வாங்கியிருந்தால் நீங்களே வறுத்துச் சாப்பிடுங்கள். இந்தக் கடிதம் திங்கட்கிழமைதான் உன் கைக்கு வரும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். ஃபோனில் என்றால் நீ பேசுவாய், நான் கேட்பேன். அறுபத்து நாலு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன சனிக்கிழமையே ரேடியோவில் சொல்லிவிட்டார்கள்: தெற்கேயிருந்து பெருங்குளிர் ஏறி வருகிறது, வருகிற வெள்ளிக்கிழமை காலைக்கும் நண்பகலுக்கும் நடுவில் மலைப்பகுதியில் வெண்பனி விழ வாய்ப்பு உண்டு. உனக்குத் தெரியாததில்லை, நம் ஊரில் உறைபனி பெரிய விஷயமே இல்லை. காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகி மொறுமொறுவென்று மிதிபடும், அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் வானத்திலிருந்து விழுகிற வெண்பனி வேறு ஜாதி. குளிர் வரும் அன்று ஈரம் வராது, ஈரம் வரும் அன்று குளிர் வராது. இரண்டும் ஒரே நாளில் சேர்ந்து வருவது மாமியாரும் மருமகளும் கைகோத்துப் பூசைக்குப் போவது மாதிரி. அதனால் 'வாய்ப்பு' என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் ஊரே எழுந்து நின்றுவிட்டது. மர்லீசியின் விடுதியில் முப்பத்தெட்டு அறையும் நிறைந்துவிட்டன. மிஞ்சியவர்களை வீடுவீடாகப் பங்கு வைத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு வயதான தம்பதி வந்து சேர்ந்தார்கள், அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நானும் வழக்கம்போல சதுக்கத்துக்குப் போய் நீர்க்குழாயை எடுத்துச் செடிகள்மேல் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். காலையில் பார்த்தால் கிளைகளில் எல்லாம் பனிக்கட்டி விழுது விழுதாகத் தொங்கும், வந்தவர்கள் அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சதுக்கத்துத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அந்தக் குழாய் மட்டும் என்னை விடவில்லை. இருபத்தாறு வருஷமாக ஊருக்குப் பொய்ப் பனி செய்து கொடுப்பவன் நான்.

மெய்ப் பனியைத்தான் நான் பார்த்ததே இல்லை. இது உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். என் வயதுக்குள் ஊரில் மூன்று முறை விழுந்தது. முதல் முறை நான் பல் பிடுங்கிக்கொள்ள லாஜெஸ் நகரத்துக்குப் போயிருந்தேன். இரண்டாம் முறை உன் மகன் கல்யாணத்துக்காக உன் வீட்டில் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிவியைப் போட்டால் நம் ஊர்ச் சதுக்கத்தில் ஒரு பனிப்பொம்மை நிற்கிறது, அதன் தலையில் என் தொப்பி! மூன்றாம் முறை குடலிறக்க ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். செனாய்தி பார்க்க வந்தவள் என் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, மூன்று மணி நேரம் பனியைப் பற்றியே பேசினாள். இதையெல்லாம் கூட்டிக் கழித்து ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: லாவுதெலினோ ஊரில் இருந்தால் வெண்பனி விழாது.

நேற்று சாயங்காலம் வல்மோரும் மர்லீசியும் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து வந்ததைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அடுப்பில் கெட்டிலைப் போட்டு மாத்தே இலைக் கஷாயத்துக்குச் சுரைக்குடுவையை எடுத்தேன். குடுவை சுற்றிவந்து கெட்டில் காலியாகும்வரை காரியம் பேசுவது நம் பக்கத்தில் மரியாதை இல்லையே. காலியாகக் காலியாக நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். எங்கள் விருந்தாளி திபூர்சியோ ஐயா பாவம், வடக்கே பியாவி மாநிலத்துக்காரர், வெயிலில் பிறந்து வெயிலிலேயே வளர்ந்தவர். முதல் குடுவையைக் குடித்ததும் நல்ல பிள்ளையாக "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டார். போதும் என்றால்தானே நன்றி சொல்வோம்? அப்புறம் குடுவை அவரைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. மனிதர் குளிரில் பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருந்தார். தான் என்ன தப்பு செய்தோம் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. வல்மோரோ நாலாவது கெட்டிலில் காலை மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் மர்லீசிதான் வாயைத் திறந்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. சாவோ பாலோலேர்ந்து ரெண்டு பஸ்ஸு வேற வருது. எல்லாரும் பார்க்க வர்றது பனிய. உங்க மூஞ்சிய இல்ல."

"என் மூஞ்சி என்னம்மா பண்ணிச்சு?"

"நீங்க இருந்தா விழ மாட்டேங்குதே!"

"நான் இதெல்லாம் நம்பறவன் இல்லண்ணே, படிச்சவன்," என்றார் வல்மோர். "ஆனா ஜனங்க நம்பறாங்க. தேர்தல் வேற வருது." சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "வெள்ளிக்கெழம காலைல ஆறே முக்கால். ஜன்னலோர சீட்டு. அக்காவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன்."

"ஏம்ப்பா, மேகத்துக்கு என் விலாசம் தெரியுமா? கதவத் தட்டி, லாவுதெலினோ இருக்கானான்னு கேட்டுட்டா விழுது?"

அடுப்படியில் பைன் கொட்டை வேகவைத்துக்கொண்டிருந்த செனாய்தி திரும்பிக்கூடப் பார்க்காமல், "தெரியும் போலிருக்கு. மூணு தடவையும் சரியாத்தான வந்துச்சு," என்றாள். கட்டின பெண்டாட்டி!

அப்போதுதான் திபூர்சியோவின் மனைவி லிண்டால்வா அம்மாள் பேசினாள். இவளைப் பற்றி உனக்குச் சொல்லியாக வேண்டும். எழுபத்தொரு வயது. நாற்பத்து நாலு வருஷம் மரவள்ளி மாவு வறுக்கிற கொட்டகையில் அனலுக்கு முன்னால் நின்றவள். அங்கே சுவரில் ஒரு பழைய காலண்டர் படம் தொங்குமாம். ஒரு வீடு, ஒரு வேலி, மேலே வெண்பனி. "அதைப் பார்த்துக்கிட்டே துடுப்பப் போட்டா வேர்வை கொஞ்சம் அடங்கும்" என்றாள். செத்துப்போகும் முன் ஒரு தடவை அதைக் கையில் தொட வேண்டும் என்று மூன்று நாள் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். சனிக்கிழமை காலை திரும்பிப் போகிறார்கள். இவளுக்கு இருப்பது வெள்ளிக்கிழமை ஒன்றுதான். வந்த அன்றே என்னைக் கேட்டாள், "ஐயா, இந்த ஊர்க்காரர் நீங்க, சொல்லுங்க, எப்படி இருக்கும்?" நான் இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்கு அளந்துவிட்டிருக்கிறேன், உனக்குத் தெரியாதா? இவளிடம் வாய் வரவில்லை. நான் பார்த்ததில்லை அம்மா என்று சொல்லிவிட்டேன். "அட கடவுளே, கடலோரத்துல பொறந்து மீன் திங்காத மாதிரியில்ல இருக்கு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வேறு ஏதோவும் வந்தது.

அவள்தான் வல்மோரைப் பார்த்துச் சொன்னாள்: "ஏய்யா, அந்த மனுசன அவர் வீட்டுலேருந்தே எதுக்குய்யா தொரத்துறீங்க? விழுந்தா எல்லார் தலையிலயும் விழட்டும். விழலேன்னா எல்லாருமாச் சேந்து பாக்காமப் போறோம். அவரும் எங்க கூட நிக்கட்டும்." வல்மோர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். டிக்கெட்டை மட்டும் எடுக்கவில்லை.

இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா, நீ இங்கே வந்து இந்த வானத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். இன்று காலைவரை தெற்குக் காற்று ஓலமிட்டுக்கொண்டு கூரையைப் பிடித்து உலுக்கியது. மதியத்தோடு சட்டென்று நின்றுவிட்டது. பைன் மரங்கள் ஒரு கிளைகூட அசைக்காமல் நிற்கின்றன. மேகம் மலைமேல் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. வெள்ளையும் இல்லை, சாம்பலும் இல்லை, அந்த நிறத்துக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. நாய்களெல்லாம் அடுப்பங்கரைக்கு வந்துவிட்டன. பசுக்கள் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன, மூச்சு மட்டும் புகையாக வருகிறது. தெருவில் இவ்வளவு ஜனம் இருந்தும் யாரும் சத்தமாகப் பேசவில்லை. இவ்வளவு பெரிய ஒன்று நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, அதை நாம் வரவழைக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. எனக்குப் பயமாகவும் இருக்கிறது, மண்டியிட்டுக் கும்பிடவும் தோன்றுகிறது. முழங்கால் வலிப்பதால் உட்கார்ந்தே கும்பிட்டேன்.

ஆகவே என் முடிவு இதுதான். நான் நகரமாட்டேன். வல்மோர் தேர்தலில் தோற்றாலும் சரி, மர்லீசி முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி, ஆயுசில் ஒரு தடவை என் கண்ணால் பார்க்காமல் இந்த மலையைவிட்டு இறங்கமாட்டேன். பனி விழட்டும், விழாமல் போகட்டும், நான் என் முற்றத்தில் நிற்பேன். இதை மாதாவின் படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் செனாய்தியின் முத்தம். மூத்தவளான உன் ஆசீர்வாதம் என் தலைமேல் எப்போதும் இருக்கட்டும். அதன்மேல் நாளைக்கு வேறு ஏதாவதும் விழட்டும்.

என்றும் உன் சொல் தட்டாத, இந்த ஒரு முறை தட்டுகிற தம்பி,
லாவுதெலினோ

பி.கு.: வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. பஸ்ஸில் இருக்கிறேன். இதைத் தபாலில் போடவில்லை, சாயங்காலம் என் கையாலேயே உன்னிடம் தருவேன். அத்தான் பார்க்கும் முன் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

காலை ஐந்தே முக்காலுக்குப் பால் கறக்க எழுந்தேன். முற்றத்தில் லிண்டால்வா அம்மாள் சமையலறை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் இருந்த துணி மொத்தமும் உடம்பில் இருந்தது, அதற்கு மேல் செனாய்தியின் சால்வை, இரண்டு கையிலும் திபூர்சியோவின் காலுறை. முகத்தை வானத்துக்குக் கொடுத்தபடியே, "இன்னும் வரல. வரும்," என்றாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தாள், எனக்காம். போய் உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் கட்டிவிட்ட கதையை நான் நம்பவில்லை அக்கா. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நம்பவில்லை. அந்த மிச்சம் ஒரு பங்குதான் என்னை உட்காரவிடவில்லை. "பசுவைப் பார்த்துட்டு வர்றேம்மா" என்று எழுந்து, மேஜைமேல் கிடந்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஊரைத் தாண்டிப் பதினாலு கிலோமீட்டரில், மலைப்பாதை இறங்குகிற இடத்தில், சாலை உறைந்து வழுக்குகிறது, உப்புப் போட்டு உருக்கிய பிறகு போகலாம் என்று போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்திவிட்டார். ஓட்டுநரைச் சேர்த்து நாங்கள் ஐந்து பேர், என்னைத் தவிர ஒருவரும் நம் ஊர் இல்லை. காலை நீட்டலாமே என்று இறங்கினேன். கோட்டுக் கையில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது, தட்டிவிட்டேன். மறுபடி ஒட்டியது. நிமிர்ந்து பார்த்தேன்.

அவசரமே இல்லாமல் வருகிறது அக்கா. மழை மாதிரி விழவில்லை; எங்கே உட்காரலாம் என்று யோசித்து யோசித்து இறங்குகிறது. பள்ளத்தாக்கு முழுக்க, கண்ணுக்கு எட்டிய மட்டும். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். நான் அழுதேன். சாலை நடுவில் நின்று, பல் போன வாயைத் திறந்துகொண்டு, வெட்கமில்லாமல் அழுதேன்.

அப்போது ஃபோன் அடித்தது. செனாய்தி. அவளும் அழுதுகொண்டிருந்தாள். "விழுந்துச்சுங்க! இருபது நிமிசமா விழுது! லிண்டால்வா அம்மா கையில புடிச்சுப் புடிச்சு வாயில போட்டுக்கறாங்க, நிறுத்தவே மாட்டேங்கறாங்க. சதுக்கத்துல எல்லாரும் உங்க பேரைச் சொல்லிக் கைதட்டறாங்க, உங்களுக்குக் கேக்குதா? வருசா வருசம் உங்களுக்கு டிக்கெட்டு எடுத்துத் தர்றதா வல்மோர் மைக்குல சொல்லிட்டாரு." கேட்டது. அறுபத்து நாலு வருஷத்தில் அந்த ஊர் எனக்காகக் கைதட்டி நான் கேட்டதில்லை. பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. "உங்களுக்குத்தான் குடுத்து வைக்கல. நாலாவது தடவையும் போச்சே. அங்க எப்படி இருக்கு?"

என் இமைமேல் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதைத் துடைக்காமல், "இங்க ஒண்ணுமில்லடி, சும்மா தூறல்தான்," என்றேன்.