ஒகிசவாவின் மூன்றாவது பேரெழில்

“இது உங்க பனி.”

“என் பனி இல்லை. வானத்துப் பனி.”

“வானத்துல இருந்து நேரா என் கடை வாசல்லயா விழுந்தது? உங்க கூரையில தங்கி இளைப்பாறிட்டுத்தானே இறங்கிச்சு?”

“தங்கினா? விருந்தாளி தங்கிட்டுப் போற வழியில பண்ற அட்டகாசத்துக்கெல்லாம் வீட்டுக்காரன் பொறுப்பா?”

“அப்ப அந்த விருந்தாளியைத் திரும்பக் கூப்பிட்டு உள்ளே வச்சுக்குங்க, எய்சாகு சான்.”

உலகத்தின் பேரெழில்கள் யாவும் இப்படி ஒரு சண்டையில்தான் பிறந்திருக்க வேண்டும் என்பது என் ஆழ்ந்த கருத்து. மலைகளும் ஏரிகளும் உருவானபோது பக்கத்து வீட்டில் யாரும் இல்லாததால் அதற்குச் சாட்சி இல்லை. எங்கள் ஊர்ப் பேரெழிலுக்கு நான் சாட்சி. எனக்கு வேடிக்கை பார்க்கும் பழக்கம் கிடையாது. என் மாடி ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்து அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

கத்தியவர் ஹருயே. முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர், ஐம்பதைத் தாண்டிய விதவை. அவருடைய கத்திரி படாத தலை ஒகிசவாவில் இல்லை. கத்தல் வாங்கியவர் பக்கத்து வீட்டு எய்சாகு, தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வடகோடிச் சுகாரு சமவெளிக்காரர்களான நாங்கள், வாயைத் திறந்தால் குளிர் பல்லில் ஏறும் என்று ஒரு சொல்லில் கேட்டு அரைச் சொல்லில் பதில் வாங்குகிறவர்கள். அப்படிப்பட்டவர்கள் பிப்ரவரிக் காலையில் தெருவில் நின்று இத்தனை சொற்களைச் செலவழித்தார்கள் என்றால் விஷயம் சாதாரணமில்லை.

எங்கள் ஊரில் பனிக்கு ஒரே சட்டம்தான்: தொட்டவர் சொந்தக்காரர். மண்வாரியை முதலில் எவர் வைக்கிறாரோ, அந்தப் பனி அவருடையது. அந்த வருடத்துக்கு மட்டுமல்ல, வருகிற வருடங்களுக்கும். ஹருயே ஒரே ஒரு வாரு வாரியிருந்தால் எய்சாகுவின் கூரைப்பனி முழுவதும் சாகும்வரை அவர் தலையில். எய்சாகு வாரியிருந்தால் “ஆமாம், என்னுடையதுதான்” என்று தெருவறிய ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே இருவரும் அவரவர் வாசலில் மண்வாரியை ஊன்றி, தேசத்தின் எல்லையைக் காக்கும் வீரர்களைப் போல நின்றார்கள். பனி இருவருக்கும் நடுவில் வளர்ந்தது.

வளர்ச்சிக்கு உதவியவர் ஃபுகுஷி. ஊராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுபவர், மனைவியை இழந்தவர். விடியுமுன் தெருப்பனியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வருவார். ஏற்கெனவே குவியல் இருக்கும் இடத்தில்தான் மேலும் குவிக்க வேண்டும் என்பது அலுவலக உத்தரவு. ஒவ்வொரு தரமும் தள்ளிவிட்டு, வண்டிக்குள்ளிருந்தே கடையைப் பார்த்துத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்பார். கேட்டுவிட்டு மறுபடி தள்ளுவார்.

மார்ச் பிறந்தபோது கடை வாசல் மறைந்துவிட்டது. வாசலை ஒட்டி நிற்கும் சிவப்பு, நீலம், வெள்ளைக் கோடு போட்ட சுழல் விளக்கும் உள்ளே புதைந்துவிட்டது. ஹருயே அதை அணைக்கவில்லை. விளக்கு சுழன்றால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம், கடை திறந்துதான் இருந்தது. அதனால் பொழுது சாய்ந்ததும் பனிக்குன்றின் வயிற்றுக்குள் ஒரு சிவப்பு எழும்பி நீலமாகி, மறைந்து, மறுபடி எழும்பும். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. முகச்சவரத்துக்கு வந்தவர்கள் அதைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, தாடியோடு வீடு திரும்பினார்கள்.

அந்த அழகு சுற்றுலாப் பிரிவுத் தலைவர் ஒசனாயின் கண்ணில் பட்டது.

ஒசனாயின் துயரத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் நாட்டில் பெருமைகள் மூன்று மூன்றாகத்தான் வரும். மூன்று பேரெழில், மூன்று பெருந்தோட்டம், மூன்று பெருவிழா. இரண்டு என்றால் அது குறை, நான்கு என்றால் அபசகுனம். வடக்கில் ஒவ்வோர் ஊருக்கும் மூன்று கிடைத்திருந்தது. பக்கத்து ஊரில் கோட்டை, செர்ரி மரங்கள், அந்தச் செர்ரி மரங்கள் கோட்டை அகழியில் விழும் நிழல் என்று ஒரே இடத்தை மூன்றாக்கிவிட்டார்கள். எங்களுக்கு இரண்டுதான். ஒன்று, கோடையில் வற்றி, குளிர்காலத்தில் உறைந்து, இடையில் சேற்றால் வழி அடைபடும் அருவி. மற்றது, பழங்காலப் பிரபு ஒருவர் உட்காரலாமா என்று யோசித்துவிட்டு உட்காராமலே போன கல். சுற்றுலாத் துண்டுப்பிரசுரத்தில் மூன்றாவது கட்டம் வெகுகாலமாக வெள்ளையாக இருந்தது. பனிமூட்டத்தில் எடுத்த படம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஊர்மன்றத்தில் கூட்டம் கூடியது. மண்ணெண்ணெய் அடுப்பு, தேநீர், நறுக்கிய ஆப்பிள். ஹருயே தன் கையால் போட்ட முள்ளங்கி ஊறுகாயைக் கொண்டு வந்திருந்தார். பனியை அகற்றச் சொல்லிக் கேட்பதற்காகவே வந்தார். வெறுங்கையோடு வந்து கேட்பது மரியாதை இல்லை அல்லவா?

ஒசனாய் எழுந்தார்.

“ஒகிசவாவின் ‘மூன்றாவது பேரெழில்’ கிடைத்துவிட்டது என்று பணிவோடு அறிவிக்கிறேன். ‘ஒளிரும் பனிமலை’. இனி அந்தப் பனியை யாரும் தொடக் கூடாது.”

“தலைவரே,” என்றார் ஹருயே, “அது என் கடை வாசல்.”

“அதனாலதான் நன்றி சொல்ல வந்திருக்கேன்.” சொன்னவர் அப்படியே முழங்காலிட்டு, நெற்றி பாயில் படக் கும்பிட்டார். “உங்க மாபெரும் ஒத்துழைப்புக்கு.”

ஒத்துழைப்பு இன்னும் கொடுக்கப்படவில்லை. ஆனால் நன்றி வந்துவிட்டது. நெற்றி பாயில் பட்ட நன்றியைத் திருப்பித் தருவதற்கு எங்கள் ஊரில் வழி கிடையாது.

“அது வந்து... கொஞ்சம்...” என்று இழுத்தார் ஹருயே.

எங்களிடையே ‘கொஞ்சம்’ என்று இழுத்தால் அடியோடு முடியாது என்று பொருள். ஒசனாய்க்கும் அது நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அடுத்த சொல் வருவதற்குள் ஹருயேயின் கோப்பையில் தேநீர் ஊற்றினார். ஊற்றிய தேநீரைக் குடிக்காமல் பேச முடியாது. குடித்து முடிப்பதற்குள் தீர்மானம் வாக்குக்கு வந்துவிட்டது.

“ஆட்சேபம் உள்ளவங்க யாராவது?” என்று சபையைப் பார்த்துக் கேட்டார் ஒசனாய்.

சபை ஊறுகாய் மென்றது. நறுக் நறுக்கென்று நல்ல பதம். சபையில் எல்லோர் தலையும் ஹருயே வெட்டிய தலை. அத்தனை தலைகளும் ஒரே சீராகக் குனிந்தன. “ஏகமனதாக நிறைவேறியது” என்று ஒசனாய் அறிவித்தார். ஒற்றுமை என்றால் அதுதான்.

அப்போது எய்சாகு தொண்டையைக் கனைத்தார்.

“ஒரு சிறு திருத்தம். அந்தப் பனி என் கூரையில இருந்து வந்தது.”

“வானத்துப் பனின்னு சொன்னீங்களே,” என்றார் ஹருயே.

“வானம் எல்லாருக்கும் பொது. ஆனா இவ்வளவு நல்ல பனியா அது ஆனது என் கூரையிலதான். சரிவு அப்படி. எங்க அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டின கூரை.”

மறுநாளே மண்வாரியோடு வந்து, யாவரும் காண, குன்றின் உச்சியில் ஒரு தட்டுத் தட்டிச் சட்டப்படி சொந்தக்காரரானார். “பனி உபயம்: குதோ எய்சாகு” என்று ஒரு பலகையும் முளைத்தது.

ஹருயேயின் கடைக்கு இனிப் பின்வழிதான். துவைத்த துணிகளை விலக்கி, சமையலறை வழியாக, அடுப்பில் கொதிக்கும் சூப்பைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். மரியாதை தெரிந்த ஆண்கள் ஒரு விதவையின் சமையலறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவார்களா? ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியர் மட்டும் ஒரு தரம் துணிந்து வந்தார். தொங்கிய உள்பாவாடை ஒன்று முகத்தில் பட்டதும், வந்த காரியம் மறந்து, அடுப்புக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் பக்கத்து ஊருக்கு ரயிலேறினார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்த கடை, விளக்கு சுழலச் சுழலப் படுத்துவிட்டது.

விடாமல் வந்தவர் ஃபுகுஷி ஒருவர்தான். மன்னிப்புக் கேட்பதற்காக முதலில் வந்தார். வந்ததற்கு முடி வெட்டிக்கொண்டார். மறுபடி பனி தள்ளினார், மறுபடி மன்னிப்பு, மறுபடி வெட்டு. மாதக் கடைசியில் அவர் தலையில் வெட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. அப்போதும் வந்தார்.

“இன்னிக்கு என்ன வெட்டறது?” என்று ஹருயே கேட்பது என் ஜன்னல்வரை கேட்டது.

“காதுப் பக்கம் ஏதாவது இருக்கான்னு பாருங்க.”

“காதுதான் இருக்கு.”

“அப்ப தேநீர் குடிச்சிட்டுப் போறேன்.”

ஏப்ரல் வெயில் வந்தது. வெயிலுக்கு ஊராட்சித் தீர்மானம் தெரியாது. குன்று கசிய ஆரம்பித்தது. இயற்கையின் அதிசயத்தை இயற்கையிடமிருந்து காப்பாற்ற ஒசனாய் முழுமூச்சாக இறங்கினார். பகலில் வைக்கோலும் நீலத் தார்ப்பாயும் போர்த்தினார். மலைமேலிருந்து லாரியில் புதுப்பனி கொண்டுவரச் செய்தார். தேசம் முழுவதும் வசந்தத்தைக் கொண்டாடியபோது, காசு கொடுத்துப் பனி வாங்கி ஒரு பெண்ணின் வாசலை அடைத்த ஒரே ஊராட்சி எங்களுடையதுதான்.

பனிமலையின் திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் ஹருயே ஒசனாயிடம் போனார். நான் தற்செயலாக அங்கே அஞ்சல்தலை வாங்கப் போயிருந்தேன். ஊராட்சி அலுவலகத்தில் அஞ்சல்தலை விற்பதில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

“தலைவரே, ஓர் ஆள் நுழையற அளவுக்கு ஒரு பாதை. அது போதும். கடை பிழைச்சுக்கும்.”

“பாதை வெட்டினா ஆளுங்க வருவாங்களே, ஹருயே சான்.”

“ஆமா. முடி வெட்டிக்க வருவாங்க.”

“வந்தா பனி மிதிபடும். படத்துல கால்தடம் விழும். நீங்களே யோசிச்சுப் பாருங்க.”

“அப்ப கடையை மூடிடவா?”

“ஐயோ, மூடினா எப்படி? விளக்கு எரியணுமே.” குரலைத் தாழ்த்தினார். “விளக்கு எரியட்டும். கடைதான் வேண்டாம்.”

ஹருயே அவரை ஒரு கணம் பார்த்தார். அவருடைய கிருதாவைப் பார்த்தாரோ என்னவோ, இருபது வருடமாகத் தான் சீர் செய்த கிருதா அது. “புரிஞ்சுது,” என்றார். ஆழமாகக் குனிந்து வணங்கிவிட்டு வெளியேறினார்.

திறப்பு விழா அந்தி வேளையில். மாகாண அலுவலகத்திலிருந்து வெள்ளைக் கையுறை அணிந்த மேலதிகாரி வந்திருந்தார். பள்ளி வாத்தியக் குழு வந்திருந்தது. ஒரு பேருந்து நிறையச் சுற்றுலாப் பயணிகளும் வந்தார்கள், உண்மையில் கழிப்பறைக்காக நின்ற பேருந்து. எய்சாகு புதுக் கோட்டில், தன் பலகைக்குப் பக்கத்தில், பலகையின் அண்ணனைப் போல நின்றார்.

தார்ப்பாய் விலகியது. நாடா வெட்டப்பட்டது. குன்றுக்குள் சிவப்பு எழுந்தது, நீலம் எழுந்தது. கூட்டம் “ஓ” என்றது.

“உள்ளே என்ன சுத்துது?” என்று கேட்டார் மேலதிகாரி.

“முடிதிருத்தும் கடை விளக்குங்க.”

“கடை எங்கே?”

“பின்னால... அடக்கமா இருக்குங்க.”

விளக்கு அணைந்தது.

வெளிச்சம் போனதும் பேரெழிலின் நிஜ முகம் தெரிந்தது. வண்டிக் கரி படிந்த அழுக்குப் பனி, சிகரெட் துண்டுகள், காலியான காப்பி டப்பா, ஒற்றைக் கையுறை. பேருந்துக்காரர் ஹாரன் அடித்தார். ஒசனாய் துவைத்த துணிகளை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார். நானும் என்ன ஆயிற்றோ என்ற அக்கறையில் பின்னாலேயே போனேன்.

ஹருயே கத்திரிகளைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். ஃபுகுஷி நாற்காலியின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஹருயே சான், விளக்கு...”

“கடை மூடியாச்சு, தலைவரே.”

“ஒரு மணி நேரம் மட்டும் எரியட்டுமே. தயவு செஞ்சு.” மறுபடி முழங்காலிடப் போனார்.

“அது சரியில்லீங்க. விளக்கு சுத்தினா உள்ளே ஆள் இருக்குன்னு அர்த்தம். மூடின கடையில விளக்கு எரிஞ்சா ஊரை ஏமாத்தறதா ஆயிடும். உங்க நல்ல பேருக்கு ஆகாது.” ஒரு கோப்பையை நகர்த்தினார். “தேநீர் குடிங்க.”

குடித்துவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது.

ஹருயே அந்த மாதமே ஃபுகுஷியை மணந்துகொண்டு, பனி என்றால் படத்தில் மட்டும் பார்க்கிற ஷிசுவோகாவுக்குப் போய்விட்டார். அங்கே கடை நன்றாக நடக்கிறதாம், வாசலில் ஆரஞ்சு மரமாம். எய்சாகு கொஞ்ச நாள் தன் பலகையோடு தனியாக நின்று பார்த்தார். சண்டை போட ஆள் இல்லாத வாழ்க்கை அலுத்து, தலைமுடி தோளில் விழ, சைதாமாவிலிருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபோனார். முடி வெட்ட ரயிலேறிப் பழகிய தலைமையாசிரியரும் ஒரு தரம் அந்தப் பக்கமே வீடு பார்த்துக்கொண்டார். ஒசனாய்க்குப் பதவி உயர்வு. இப்போது அவர் ‘குடியேற்ற ஊக்குவிப்புப் பிரிவு’க்குத் தலைவர்.

ஆகஸ்டில் முன்னோருக்கு விளக்கேற்றும் நாட்களில் ஹருயே, முதல் கணவரின் கல்லறையைக் கழுவ வந்தார். கடை இருந்த காலி மனையின் முன்னால் நின்றார், நூடுல்ஸ் சாப்பிட்டார், மாலை ரயிலில் போய்விட்டார். எய்சாகுவும் அப்படியே வந்து போனார், தலைமையாசிரியரும் அப்படியே. ஒசனாய் ரயிலடியில் நின்று மூவருக்கும் துண்டுப்பிரசுரம் கொடுத்தார். ‘வருகை தந்த சுற்றுலாப் பயணிகள்’ கணக்கில் மூவரையும் சேர்த்தார். சென்ற ஆண்டைவிட அமோக வளர்ச்சி என்று மாகாணம் பாராட்டியது.

பாராட்ட வேண்டியதுதான். வெளியூர்க்காரரை ஊருக்கு வரவழைப்பது எவ்வளவு கடினம் என்று எல்லா ஊராட்சிகளும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. ஊர்க்காரரை வெளியூர்க்காரராக்குவது எவ்வளவு சுலபம் என்று கண்டுபிடித்தது எங்கள் ஊராட்சி ஒன்றுதான்.