ரெண்டு விசில் அடித்தால் நில்

எங்கள் ஊரில் மலை என்பது சுற்றுவதற்குத்தான், ஏறுவதற்கு இல்லை. திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்து, போளூர் ரோட்டில் வீடும் கட்டிக்கொண்ட நான், தலை நரைக்கும் வரை அந்தக் கொள்கையிலிருந்து இம்மியும் பிசகவில்லை. பௌர்ணமிக்கு மலையைச் சுற்றுவேன். மலை நடுவில் நிற்கும், நான் ஓரமாகப் போவேன். எங்கள் இருவருக்குள்ளும் ஒரு சண்டை சச்சரவும் வந்ததில்லை.

போன கோடையில் வந்தது. என் மகள் கயல் ப்ளஸ் டூ தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். குடும்பம் குடும்பமாக முதுகில் பை மாட்டிக்கொண்டு மலை ஏறுகிற வீடியோக்களை நாள் முழுக்கப் பார்த்தாள். அப்பா, அம்மா, பிள்ளைகள், சில வீடியோக்களில் நாய் கூட. எல்லோரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

“ஒரே ஒரு சனிக்கிழமைம்மா. பர்வதமலை. நம்ம மாவட்டத்து மலைதான?”

நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துக் கோரிக்கைகளைப் படித்துப் பார்க்கிறவள். மனிதன் எப்படியெல்லாம் விழ முடியும் என்பது எனக்கு அத்துப்படி. கட்டிலிலிருந்து விழுந்தவர், கல்யாண மேடையிலிருந்து விழுந்தவர், உட்கார்ந்த நாற்காலியோடு சேர்ந்து விழுந்தவர் என்று எல்லோரும் என் மேஜை வழியாகப் போனவர்கள்தான். அப்படிப்பட்டவளிடம் வந்து, பாறையில் அடித்த கடப்பாரைகளையும் சங்கிலியையும் பிடித்து ஏற வேண்டிய மலைக்குக் கூப்பிட்டால்?

“முடியாது” என்றேன்.

“இந்த மலைக்கே விடலன்னா, கோயம்புத்தூர் காலேஜுக்கு எப்படிம்மா விடுவ?”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பது அவள் ஆசை. வேலூரைத் தாண்டினாலே வெளிநாடு என்பது என் கணக்கு. கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டோம். மலை ஏறி பத்திரமாக இறங்கிவிட்டால் கோயம்புத்தூர். பாதியில் பயந்து திரும்பினால் உள்ளூர் கல்லூரி. (பாதியில் திரும்புவாள் என்று நான் முழுமையாக நம்பினேன். அதற்காக ஒரு தேங்காய்கூட வேண்டிக்கொண்டேன். பெற்ற தாய் இப்படியும் வேண்டிக்கொள்வாளா என்று கேட்காதீர்கள். வேண்டிக்கொள்வாள்.)

பை கட்டுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. கட்டுத்துணி, டெட்டால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், இரண்டு குடை, வெள்ளரிக்காய், முறுக்கு, கொடியிலிருந்து கழற்றிய நைலான் கயிறு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளுக்கொரு விசில். சிவப்பு நாடாவில் கோத்து எல்லோர் கழுத்திலும் மாட்டினேன். மலையடிவாரத்தில் நிற்க வைத்து வகுப்பும் எடுத்தேன்.

“நல்லா கேட்டுக்கங்க. ஒரு விசில்னா, ‘நான் நல்லா இருக்கேன், நீங்க வாங்க’ன்னு அர்த்தம். ரெண்டு விசில்னா ஆபத்து. உடனே நிக்கணும்.”

துணைக்கு வந்திருந்த என் தம்பி சேகர் தலையைச் சொறிந்தான். “அக்கா, இது தப்பாச்சே. நம்ம ஊர்ல...”

“எல்லாத்துக்கும் குறுக்க பேசாத. கேட்டுக்க.”

“சரிக்கா” என்றான். ஒரு தகவலை இங்கே சொல்லிவிட வேண்டும். சேகர், மீசை முளைத்த நாளிலிருந்து பஸ்ஸில் கண்டக்டர்.

படிக்கட்டு இருந்த வரைக்கும் நான் வீராங்கனை. என் கணவர் அதற்கு முன்பே ஒரு மர நிழலைக் கண்டு துண்டை விரித்துவிட்டார். “நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன். எனக்கும் சேத்து நீ ஏறு” என்றார். விசிலைக் கழற்றித் தலைமாட்டில் வைத்தார். அந்த விசில் அன்று கடைசி வரை ஊதப்படவில்லை. குறட்டை மட்டும் ஊதப்பட்டதாகச் சாட்சிகள் சொல்கிறார்கள்.

என் பையை சேகர் வாங்கிக்கொண்டான். கயலும் அவனும் முன்னால் போனார்கள். அதாவது, ஆபத்துக்கு என்று நான் சேர்த்த அத்தனையும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. என்னிடம் இருந்தது விசில் ஒன்றுதான்.

செங்குத்துப் பாறை வந்தது. முதல் கடப்பாரையில் கால் வைத்தேன். சங்கிலி வெயிலில் தோசைக்கல் போலச் சுட்டது. நாலைந்து ஏறியதும் கீழே பார்க்கக் கூடாது என்று யாரோ சொன்னது நினைவு வந்தது. அது நினைவு வந்ததாலேயே கீழே பார்த்தேன். பள்ளத்தில் மரங்கள் கொத்தமல்லிக் கட்டு மாதிரி தெரிந்தன. சங்கிலியை அப்படியே கட்டிக்கொண்டேன்.

வாயில் விசிலைக் கவ்வி ரெண்டு விசில் ஊதினேன்.

மேலேயிருந்து சேகரின் குரல் கம்பீரமாக வந்தது. “ரைட்ட்ட்! போலாம்!”

மறுபடி ரெண்டு.

“ரைட் ரைட்! வாம்மா கயல், நட!” குரல் இன்னும் உயரத்துக்குப் போயிருந்தது.

நான் ஊத ஊத அவன் வேகமாக ஏறினான். எனக்குப் பின்னால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்ற கீழ்பென்னாத்தூர் அம்மா ஒருவர் (தலையில் பூ, காலில் செருப்பில்லை, முகத்தில் வியர்வைகூட இல்லை) பொறுமை இழந்தார்.

“இன்னாம்மா நின்னுட்ட? ரைட் குடுத்தாங்கல்ல, போ.”

“நான்தாங்க குடுத்தேன்!”

“நீயே குடுத்துட்டு நீயே நின்னா எப்டி?”

“அது ரைட் இல்லீங்க. ரெண்டு விசில்னா ஆபத்துன்னு...”

“எந்த ஊரு பஸ்ஸுல?”

வரிசையில் கீழே வரைக்கும் சிரிப்பு இறங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு விசில் ஸ்டாப்பிங், ரெண்டு விசில் ரைட். நான் பிறந்ததிலிருந்து கேட்ட பாஷை. தினமும் அலுவலகத்துக்கு அந்த விசிலில்தான் ஏறுகிறேன், இறங்குகிறேன். அதைத் தலைகீழாக மாற்றி, அதையும் ஒரு கண்டக்டரின் கழுத்தில் மாட்டிவிட்டிருக்கிறேன்.

சங்கிலியோடு ஒட்டிக்கொண்டு இதை யோசித்த அந்த நேரத்தில், மேலேயிருந்து ஒரு விசில் கேட்டது.

ஒன்றே ஒன்று. நீளமாக. சேகருடைய ஊதல் இல்லை அது. கயலுடையது.

“மேல ஸ்டாப்பிங் போட்டுட்டாங்க” என்றார் பின்னால் நின்ற அம்மா. “இன்னாவோ ஆயிருக்கு பாரு.”

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. என் அலுவலகப் படிவம் கண் முன்னால் வந்தது. விபத்து நடந்த இடம்: பாறை. விபத்துக்குக் காரணம்: தாய். கடப்பாரைகளைக் காலால் மிதித்தேனா, முழங்காலால் மிதித்தேனா தெரியவில்லை. “கயலூ” என்று கத்தினேன். வாயில் விசில் இருந்ததால் அது “ப்பீயூ” என்று வந்தது. எனக்கு முன்னால் போன இரண்டு இளைஞர்கள் ஆம்புலன்ஸுக்கு ஒதுங்குவது போல ஒதுங்கினார்கள். சுடிதார் எங்கோ கிழிந்தது. செருப்பில் ஒன்று பள்ளத்துக்குப் போனது. மற்றதை நானே உதறினேன்.

மேலே, பாறையின் ஓரம் ஒதுங்கி, சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள் என் மகள். கையில் பாதி வெள்ளரிக்காய்.

“இன்னா ஆச்சு? எங்க அடி? எங்க?” தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தேன்.

“ஒண்ணும் ஆவலம்மா. ஒரு விசில்னா ‘நல்லா இருக்கேன், நீங்க வாங்க’ன்னு நீதான சொன்ன?”

அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

“நீ ரெண்டு ரெண்டா அடிச்சினே இருந்த. மாமா ரைட்டுனு சொல்லிட்டு போய்க்கினே இருந்தாரு. உனக்கு இன்னாவோனு எறங்கலாம்னு பாத்தேன், சங்கிலில எடமே இல்ல. சரி, நீ பயந்துடக் கூடாதுன்னு ஒண்ணு அடிச்சிட்டு இங்கயே நின்னுட்டேன்.”

நான் வகுத்த விதி உலகத்தில் ஒருத்திக்குத்தான் ஞாபகம் இருந்திருக்கிறது. வகுத்த எனக்கே ஒரு விசிலின் அர்த்தம் மறந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். கீழ்பென்னாத்தூர் அம்மா அதற்குள் வந்து சேர்ந்து, “ஒரு விசிலுக்கு இந்த ஓட்டம் ஓடறியே, இத மொதல்லயே ஓடியிருந்தா நாங்க சாமி பாத்துட்டு எறங்கியிருப்போம்” என்று சொல்லிவிட்டு எங்களைத் தாண்டிப் போனார்.

உச்சியிலிருந்து சேகர் முறுக்கை மென்றபடி இறங்கி வந்தான். “பரவாயில்லக்கா, இவ்ளோ சீக்கிரம் ஏறிட்ட! நான் ரைட் குடுத்ததுலதான?”

மூவருமாக உச்சிக்கு ஏறிச் சாமி கும்பிட்டோம். ஏறினால் மட்டும் போதாது, பத்திரமாக இறங்கவும் வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். கயல் ஆடு மாதிரி இறங்கினாள். நான் உட்கார்ந்தே இறங்கினேன். நைலான் கயிற்றுக்கும் ஒருவழியாக வேலை கிடைத்தது. ஒரு முனை என் இடுப்பில், மறுமுனை சேகர் கையில். எதிரே ஏறி வந்தவர்கள், சந்தைக்கு ஓட்டிப் போகிற மாட்டுக்கு விலகுகிற மாதிரி மரியாதையாக விலகினார்கள். கீழே மர நிழலில் என் கணவர் கண் விழித்து, என் கிழிந்த சுடிதாரையும் வெறும் காலையும் பார்த்தார். “கூட்டம் ஜாஸ்தியா?” என்றார்.

கயல் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டில் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ‘தண்ணிய காய வெச்சு குடி, தனியா எங்கயும் போகாத, அப்புறம் ஒண்ணு...’ என்று சொல்லிக்கொண்டே இருந்தபோது, சேகர் பக்கத்தில் நின்று ரெண்டு விசில் ஊதினான். அவன் கண்டக்டராக இல்லாத பஸ் அது. இருந்தும் கிளம்பிவிட்டது.

இப்போது எங்கள் சொந்தத்தில் நான் எதற்காவது பயந்து “வேணாம்” என்று வாயைத் திறந்தால், யாராவது ஒருவர் “பீப் பீப்” என்பார்கள். என் நாத்தனார் மகளின் வளைகாப்பில், ஏழு மாதக்காரி மாடிப்படி ஏறக் கூடாது என்று நான் சொன்னபோது, சபையே ஊதியது.

கயல் மட்டும் ஊதுவதில்லை. அவள் தினமும் ராத்திரி படுக்கும் முன் ஹாஸ்டலிலிருந்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள். பேச்சு எதுவும் இருக்காது. ஒரே ஒரு விசில்.

நல்லா இருக்கேன் என்று அர்த்தம். எனக்குத் தெரியும். ஆனால் ஒருவேளை அது ஸ்டாப்பிங்காக இருந்துவிட்டால்? எதற்கும் இருக்கட்டும் என்று உடனே போன் போட்டுவிடுகிறேன்.